மச்சானின் இரண்டு முன்பற்கள்

என் மச்சானின் மேல்வாய் முன்பற்கள் இரண்டையும் உடைத்தவன் நான். அப்போது எங்கள் இருவருக்கும் வயது பதினெட்டு. தவறுதலாக நடந்தது அல்ல, யோசித்துத்தான் செய்தேன். பத்தடி தூரம் நடந்தபடியே யோசித்துவிட்டுச் செய்தேன். அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வருடங்கள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட "பொறாமைப்பட்டேன், சுவாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

எங்கள் கோயில் திருநாளில் மாதாவின் சொரூபத்தை நான்கு பேர் தோளில் சுமந்து புளியந்தீவுத் தெருக்களைச் சுற்றி வருவார்கள். சொரூபத்துக்கு நேர் பின்னால் நாங்கள், கோயில் பாண்ட் பொடியன்கள். அந்த வருடம் பாண்ட் மாஸ்டர் எங்கள் ஒழுங்கை மாற்றினார். மச்சான் தன் ட்ரம்பெட்டோடு முன்னால் தனியே நடக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் நான், இரண்டாவது ட்ரம்பெட். எனக்குப் பின்னால் சைட் ட்ரம் அடிக்கும் எங்கள் கூட்டாளி. சந்தி திரும்பும் இடத்தில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். மச்சான் மட்டும் தனியே மாதா பாட்டின் ஒரு அடி முழுவதையும் ஊதுவான். அந்தத் தனி வாசிப்பு எனக்குத்தான் கிடைக்கும் என்று நான் ஆறு மாதமாகக் காத்திருந்தேன். வகுப்பில் நான் முதலாம் பிள்ளை. இசை நொட்ஸ் பார்த்து வாசிக்கத் தெரிந்தவனும் நான்தான். ஆனால் மூச்சு அவனிடம் இருந்தது.

சந்தி வந்தது. மற்ற வாத்தியங்கள் அடங்கின. அவன் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து முதல் சுரத்தைப் பிடித்தான். நான் ஒரு எட்டு நீட்டி வைத்து அவனுடைய சப்பாத்தின் குதியை மிதித்தேன். சுரம் குலைய வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. ஆனால் அவன் முன்னே சரிந்தான். சொரூபம் சுமக்கும் மரத்தின் வால்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ட்ரம்பெட்டின் அகன்ற வாய் அதில் போய் இடித்தது. ஊதுகுழாய் அவனுடைய வாய்க்குள் ஏறியது.

"ஆருடா தள்ளினது?" என்று பாண்ட் மாஸ்டர் கத்தினார்.

"பின்னால இருந்து தள்ளிப்போட்டாங்க மாஸ்டர்" என்றேன். "சனம்."

அவனைக் கைத்தாங்கலாக ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்து, "நீ ஊது" என்றார். ஊதினேன். நன்றாக ஊதினேன். இந்த வயதிலும் எனக்கு மேல் கூசுவது அதை நினைக்கும்போதுதான்.

அதன்பின் நான் ஆசிரியரானேன், பிறகு அதிபரானேன், ஓய்வு பெற்றேன். மச்சான் என் தங்கச்சியைக் கட்டினான். வாவிக்கரையில் அவளுக்குச் சீதனமாக எழுதிய வளவுக்குக் குடிவந்து, கரையோரம் ஒரு கொட்டில் போட்டு, தோணி எஞ்சின்கள் திருத்தத் தொடங்கினான். இன்றைக்கும் அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறான். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் கோயில் பாண்ட் கலைந்தது. வாத்தியங்களைப் பத்திரப்படுத்தச் சொல்லி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். அவன் ஊதிய அதே ட்ரம்பெட் என் அலுமாரிக்குள் வந்து சேர்ந்தது. நானும் பிறகு அதை ஊதவில்லை.

மச்சான் கழற்றி மாட்டும் பல் வைத்திருந்தான். அதோடு ட்ரம்பெட் ஊத முடியாது, தகடு ஆடும். ஒருநாள் எஞ்சின் பூட்டிப் பார்க்கத் தோணியில் போனவன் தும்மினான், பல் வாவிக்குள் போய்விட்டது. கரைக்கு வந்து, "உள்ளுக்க ஒரு கெளுத்தி சிரிச்சிட்டுத் திரியிது மச்சான்" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான், வாயை மூடிக்கொண்டு. அவன் எப்போதும் அப்படித்தான் சிரிப்பான். கன்னம் இரண்டும் உப்பும், உதடு திறக்காது. ஒவ்வொரு முறையும் அந்த மூடிய உதட்டை நான் பார்ப்பேன்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் என் கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டன. நகரத்தில் தனியாகக் கிளினிக் நடத்தும் ஒரு பல் டொக்டரிடம் போனேன். இளம் பெண், கிரான் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. என் கையில் ஒரு சின்னத் திருகாணியை வைத்தாள். நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது.

"இதைத் தாடை எலும்புக்குள்ள இறக்குவம் சேர். எலும்பு இதைத் தன்ர சொந்தம் எண்டு நினைச்சு ஒட்டிக்கொள்ளும். மறுகா மேல பல்லைப் பூட்டுவம். கழட்டுற வேலை இல்ல, ஆடாது."

"ஆடாதா?"

"ஆடாது சேர்."

"முன்பல்லுக்கும் போடலாமா மகள்?"

"போடலாம். உங்களுக்கு முன்பல்லெல்லாம் நல்லாத்தானே இரிக்கு?"

"எனக்கில்ல. ட்ரம்பெட் ஊதுற ஒராளுக்கு."

அவள் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். "ஊதுறவங்க போட்டிரிக்காங்க சேர். திரும்ப ஊதியும் இரிக்காங்க. எலும்பு இரிக்கணும். அதைப் பாத்தாத்தான் சொல்லலாம்."

கழுத்தில் கட்டிய துணியோடு நான் கதிரையை விட்டு எழும்பப் போனேன். "சேர், ஊசி போட்டிரிக்கு, வேர் இன்னும் எடுத்து முடியல்ல" என்று தோளைப் பிடித்து இருத்தினாள். மிச்ச நேரம் முழுக்க எனக்கு என்ன செய்தாள் என்று தெரியாது. மேலே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டின் அடியை மனதுக்குள் ஊதிக்கொண்டிருந்தேன்.

நேரே தங்கச்சி வளவுக்கு ஓட்டோவில் போய் இறங்கினேன். ஒரு பக்கம் விறைத்த வாய், வீணீர் வழிந்துகொண்டிருந்தது. "மச்ஷான் எங்க?" என்று கேட்டேன்.

தங்கச்சி கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டு, "ஐயோ, அண்ணனுக்கு வாய் இழுத்துப்போட்டு! இஞ்சேருங்க, ஓடி வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்!" என்று குளறினாள்.

மச்சான் கிறீஸ் கையோடு ஓடி வந்தான். நான் "பல்லு, பல்லு" என்கிறேன், அவர்கள் என்னைத் தூக்கப் பார்க்கிறார்கள். விறைப்பு விட்டு நான் ஒழுங்காகப் பேச ஒரு மணித்தியாலம் ஆனது. விசயத்தைக் கேட்டுவிட்டு மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எழுவத்திமூணு வயசில எனக்குப் பல்லா? சவப்பொட்டிக்குள்ள கிடந்து ஆருக்குச் சிரிச்சிக் காட்ட?"

"செலவு என்ர."

"அப்ப உனக்கு மூளையும் விறைச்சிட்டு."

இரண்டு கிழமை கேட்டுப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு வழியை மாற்றினேன். "அடுத்த முறை எனக்கு எலும்புக்குள்ள துளைப்பாங்களாம். பயமா இரிக்கு. துணைக்கு வா" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. வந்தான்.

டொக்டர் எனக்கு வேலை தொடங்குமுன் மேசையில் கருவிகளை அடுக்கினாள். மூலையில் கைகட்டி இருந்தவன் மெல்ல எழும்பி வந்தான். திருகாணியைக் கையில் எடுக்க முடியுமா என்று கேட்டான். காட்சிக்கு வைத்திருந்த ஒன்றை அவள் கொடுத்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"புரி நல்லா வெட்டியிரிக்கு" என்றான். "உப்புத் தண்ணிக்குக் கறள் பிடிக்காதா?"

"பிடிக்காது அங்கிள். டைட்டானியம்."

"இறுக்கம் காணும் எண்டு என்னெண்டு தெரியும்? கூட இறுக்கினா எலும்பு வெடிச்சிருமே."

அவள் சிரித்தபடி விரல் நீளமே உள்ள ஒரு சிறு சாவியை எடுத்துக் காட்டினாள். அதன் தண்டில் எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் அளவுக்கோடுகள். மச்சானின் முகம் மாறிவிட்டது.

"டோர்க் ரெஞ்ச்! மச்சான், இது டோர்க் ரெஞ்ச்! எஞ்சின் தலை இறுக்க என்னட்ட இரிக்கே, அதிட குட்டி!"

"அதை இஞ்ச கொண்டு வந்திராதீங்க அங்கிள்."

"அப்ப முதல்ல புரி பிடிக்க விட்டுப்போட்டு, எலும்பு ஊறினாப்போல மறுகா பல்லை இறுக்கிறது. அப்பிடியா? சரியான வேலை. இப்பிடித்தான் செய்யணும்."

எனக்காக வந்தவன், நான் இன்னும் ஏறாத கதிரையைப் பார்த்தான். "எனக்கு ஏலுமா எண்டு ஒருக்காப் பாருங்க புள்ள" என்று ஏறி இருந்துவிட்டான். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

அவள் படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். "பல்லு எப்பிடி அங்கிள் உடைஞ்ச?"

"சின்ன வயசில. ட்ரம்பெட் ஊதக்குள்ள ஒருத்தன் தள்ளிப்போட்டான்."

நான் சொன்னது "சனம்." அவன் சொல்வது "ஒருத்தன்." தெரிந்துவிட்டதா? தெரிந்துகொண்டுதான் இத்தனை காலம் என்னோடு இருந்தானா? அவன் முகத்தைப் பார்த்தேன். டோர்க் ரெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எக்ஸ்ரே வந்ததும் டொக்டரின் உற்சாகம் குறைந்தது. பல் இல்லாமல் அரை நூற்றாண்டு கிடந்த இடத்தில் எலும்பு மெலிந்திருந்தது. "வயல்வட்டையில வரம்பு கரைஞ்ச மாதிரி இரிக்கு அங்கிள். முதல்ல எலும்புத் தூள் போட்டுக் கட்டணும். அது இறுகினாத்தான் ஆணி. இறுகாமலும் போகலாம், அதையும் சொல்லிப்போடுறன். உங்களுக்குச் சீனி வருத்தம் வேற. ரெத்தத்தில சீனி இறங்காட்டி நான் கை வைக்க மாட்டன். வெத்திலையும் விடணும்."

"வெத்திலையுமா?"

"வெத்திலையும்தான்."

வெளியே வந்ததும் இடுப்பிலிருந்த வெத்திலைச் சரையை எடுத்துப் பார்த்தான். என் கையில் திணித்தான். "நீ போடு. எனக்கு ஆணி வேணும்" என்றான்.

அடுத்த நாளிலிருந்து காலையில் நடை. அவன் வளவிலிருந்து பாலம்வரை போய்த் திரும்பி வருவோம். தங்கச்சி சோற்றைக் குறைத்துக் குரக்கன் பிட்டு அவித்துக் கொடுத்தாள். "இந்த மனிசன் என்ர சொல்லுக்கு நாப்பது வருசமா விடாத வெத்திலையை ஒரு ஆணிக்கு விட்டிட்டாரே" என்று தெருவுக்கெல்லாம் சொன்னாள். இரத்தப் பரிசோதனைத் துண்டு வரும் நாளில், பரீட்சை முடிவு பார்க்கும் பிள்ளைகள் போல நாங்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் முந்தியே போய் நின்றோம். சீனி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு எலும்புத் தூள் போட்டார்கள். பாலத்தில் நின்று அவன் உதடுகளை இறுக்கி வெறும் காற்றை ஊதிப் பார்த்தான், எஞ்சின் தொடங்கும்போது வருகிற துடிப்பு மாதிரி. மீன் விற்கும் ஒரு பெண்பிள்ளை, "என்ன மாமா, தோணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் எலும்பு இறுகிவிட்டது என்று டொக்டர் சொன்னாள். ஆணிகள் இறங்கிய அன்று நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே துளைக்கும் சத்தம் கேட்டது, நின்றது, திரும்பக் கேட்டது. கையில் ஜெபமாலை இருந்தது. ஒரு மணியைத் தாண்டி அடுத்த மணிக்கு என் விரல் போகவில்லை. கதவைத் திறந்து அவள் பெருவிரலை உயர்த்திக் காட்டியபோது, பக்கத்தில் பல்வலியோடு இருந்த, முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

எலும்பு ஆணியைப் பிடிக்க இன்னும் சில மாதங்கள். எல்லாம் முடிந்து பல்லும் பூட்டிய பிறகு உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன். ஒருநாள் பாலத்தின் நடுவில் அவன் நின்றான்.

"மச்சான், நீ எனக்குச் செய்யிற மாதிரி என்ர சொந்த அண்ணனும் செய்திருக்க மாட்டான்."

பல் பூட்டும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை.

"உன்ர பல்லை உடைச்சது நான்" என்றேன். "சனம் தள்ளல்ல. சந்தியில உன்ர குதியை மிதிச்சன். வேணுமெண்டுதான் மிதிச்சன். அந்த அடியை நான் ஊதணும் எண்டு மிதிச்சன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் வரவில்லை. கணக்குப் பிழைத்த பிள்ளை மாதிரி விழித்தான்.

"நீயா?"

"ஓம்."

"அப்ப அவன் இல்லையா?"

"எவன்?"

சைட் ட்ரம் அடித்த எங்கள் கூட்டாளியைச் சொன்னான். 'பின்னால இருந்து தள்ளிப்போட்டாங்க' என்று நான் சொன்னேன் அல்லவா? எனக்குப் பின்னால் வயிற்றில் ட்ரம்மைக் கட்டிக்கொண்டு நடந்தவன் அவன்தான். அவன் என்னைத் தள்ள, நான் முன்னே சரிந்து இடித்தேன் என்று மச்சான் கணக்குப் போட்டிருக்கிறான். வாய் வீக்கம் வற்றியதும் மச்சான் தனியே அவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். தான் தள்ளவில்லை என்று கூட்டாளி பெற்ற தாய் மேல் சத்தியம் செய்திருக்கிறான். மச்சான் நம்பவில்லை. பல் போன இடைவெளியால் அவன் முகத்தில் துப்பிவிட்டு வந்திருக்கிறான். அதன்பின் கூட்டாளி பாண்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் அப்போது யாரிடமும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். அவன் பஸ் சாரதியானான், களுவாஞ்சிக்குடியில் கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டான். மகளின் கலியாணத்துக்கு மச்சானுக்குக் கடிதம் அனுப்பினானாம். மச்சான் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினானாம்.

"ஐம்பத்தஞ்சு வருசம்" என்றான் மச்சான். "ஒரு பிழையும் செய்யாத மனிசனோட பேசாம இரிந்திரிக்கன்."

என்னை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். முதல் முறையாக அவன் நடை எனக்கு எட்டவில்லை.

பத்து நாள் வரவில்லை. நான் போனால் கொட்டிலுக்குள் எஞ்சினை முடுக்கிவிடுவான், பேச முடியாது. தங்கச்சி போனில், "உங்களுக்கும் அவருக்கும் என்ன அண்ணன்? வாயே திறக்கிறார் இல்ல. ஆணி கழண்டிட்டா எண்டு கேட்டா முறைக்கிறார்" என்றாள். அவளுக்கும் சொன்னேன். "நான் இந்தப் பல்லில்லாத மனிசனோட குடும்பம் நடத்தினனே, என்னட்டயாவது சொல்லியிரிக்கலாமே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். டொக்டரிடம் பல்லுக்கு அச்சு எடுக்கும் நாள் நெருங்கியது. அவன் போகாமல் விட்டுவிடுவான், வெறும் ஆணிகளோடு சாகப்போகிறான் என்று பயந்தேன்.

பதினோராம் நாள் காலை என் படலையில் நின்றான்.

"நடக்க வரல்லியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். வழக்கம்போல அவனுக்குக் கொஞ்சம் பின்னால் நடக்கத் தொடங்கினேன். அவன் நின்றான்.

"நீ முன்னுக்கு நட."

"ஏன்?"

"உன்னைப் பின்னுக்கு விட்டா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

முன்னால் நடந்தேன். பாலம் வரும்வரை பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"பல்லு போட்டுத் தாறாய், சரி. அது எனக்கு. அவனுக்கு என்ன போடப் போறாய்?"

நடந்தபடியே திரும்பிப் பார்த்தேன்.

"பல்லு முடியட்டும். மறுகா களுவாஞ்சிக்குடிக்குப் போவம். நீ அவன்ட முகத்தைப் பாத்துச் சொல்லணும். நான் ஊதிக் காட்டணும். ஊத வராட்டியும் வருவன். ஆனா வரணும், மச்சான். அவனுக்கு முன்னால எனக்கு ஊத வரணும்."

அன்றைக்கே அலுமாரியிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்தேன். புளி போட்டு விளக்கினேன். இறுகிப்போயிருந்த அதன் அமுக்கும் கட்டைகளுக்கு மச்சான் எண்ணெய் போட்டு ஆடவைத்தான்.

பற்கள் இரண்டும் பூட்டிய நாளில் கண்ணாடியைக் கொடுத்தபோது மச்சான் வெகுநேரம் பார்த்தான். "இது என்ர பல்லை விட வெள்ளை. கள்ளப் பல்லு எண்டு சனம் கண்டுபிடிச்சிரும்" என்றான். டொக்டர் கொஞ்சம் மங்கலாகத்தான் நிறம் எடுத்தேன் என்று சண்டைக்கு வந்தாள். ஊதுவதற்கு ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாள். "முதல் தரம் என்ர முன்னால ஊதுங்க. எனக்குப் பாக்கணும்."

அந்த நாள் வந்தபோது வெளியே நோயாளர் வரிசை நிறைய இருந்தது. கதவைச் சாத்தாமல் ட்ரம்பெட்டை எடுத்தான். நான் சுவரோடு ஒட்டி நின்றேன், அவனுக்கு முன்பக்கமாக. உதட்டில் வைத்தான். காற்று மட்டும் வந்தது. திரும்ப வைத்தான். எருமை செருமுவது போல ஒரு சத்தம் வந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு அவன் உதட்டையே பார்த்தாள். மூன்றாவது முறை அவன் ட்ரம்பெட்டைச் சற்று இறக்கினான், உதட்டை நனைத்தான், தோளைத் தளர்த்தினான். நான் அறிந்த அதே அசைவு. சுரம் வந்தது. ஒன்றே ஒன்று, நேராக, அறை நிறைய. மேசைத் தட்டிலிருந்த கருவிகள் சிலிர்த்தன.

"வலிக்குதா அங்கிள்?" என்று டொக்டர் கிட்ட வந்து கேட்டாள்.

"மண்டை ஓடு வரைக்கும் அதிருது புள்ள" என்றான். "நல்லா இரிக்கு."

சிரித்தான். வாய் முழுவதும் திறந்து சிரித்தான். ஐம்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்ட நான் வெளியே போய் மதிலோரம் நின்றேன். வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "பல்லுப் புடுங்கிட்டாங்களா தம்பி? அழாத, சரியாப் போயிரும்" என்று ஆறுதல் சொன்னார்.

இரண்டு மாதம் கொட்டிலுக்குள் பழகினான். எஞ்சின் சத்தமே தேவலை என்று அக்கம்பக்கம் சொல்லும்படி பழகினான். பிறகு களுவாஞ்சிக்குடிக்குப் போனோம். ஓட்டோவில் மச்சானின் மடியில் ட்ரம்பெட்.

எங்கள் கூட்டாளி முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். மச்சானைக் கண்டதும் நிமிர்ந்து, அப்படியே நின்றான். உள்ளே வரச் சொல்லவில்லை. படலையில் நின்றபடியே நான் சொன்னேன். அன்று மிதித்தது நான், சொன்னது பொய், உன் பெயரை நான் சொல்லவில்லைதான், ஆனாலும் அது உன் மேல் விழக்கூடும் என்று யோசிக்க விரும்பாமல் இருந்துவிட்டேன் என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மச்சானைத்தான் பார்த்தான்.

"என்ர ஆத்தா மேல சத்தியம் பண்ணினனே. நீ நம்பல்லியே."

"நம்பல்ல" என்றான் மச்சான்.

"முகத்தில துப்பினாயே."

"ஓம். பிழைதான் கூட்டாளி. இப்ப ஓட்டையை அடைச்சிட்டாங்க. இனித் துப்பினாலும் உன்னட்ட வந்து சேராது."

கூட்டாளியின் வாயோரம் இழுபட்டது. சிரிக்கக் கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போட்டான். மூன்றாவது போடவில்லை. நான் தென்னையில் சாய்ந்து நின்றேன்.

மச்சான் ஊதினான். அந்தத் தனி அடியைத்தான். உயரப் போகும் இடத்தில் மூச்சுப் போதாமல் அறுந்தது. நிறுத்தி, கீழே இறக்கி, அங்கிருந்து பிடித்து முடித்தான். தனி அடி முடிகிற இடத்தில்தான் ட்ரம் சேர வேண்டும். கதிரையின் கைப்பிடியில் கூட்டாளியின் விரல்கள் சரியாக அந்த இடத்தில் விழுந்தன.

தேத்தண்ணி வந்தது, மூன்று கோப்பை. நான் எடுக்கத் தயங்கி நின்றேன். "உன்ர மச்சானிட்டச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு" என்றான் கூட்டாளி, மச்சானிடம்.

இந்த வருடம் திருநாளில், இப்போதிருக்கும் பாண்ட் பொடியன்கள் சந்தி திரும்பும் இடத்தில் அந்த ஒரு அடிக்கு மட்டும் மச்சானுக்கு இடம் விட்டார்கள். நான் சொரூபத்துக்கும் முன்னால் நடக்க வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். நடந்தேன். பின்னாலிருந்து, அறுபடாமல், முழு அடியும் வந்தது. களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்திருந்த கூட்டாளி சந்தியில் நின்று கேட்டான்.

திரும்பும்போது மூவரும் ஒரு ஓட்டோ. மச்சான் நடுவில். கூட்டாளி இன்னும் என்னோடு நேரே பேசுவதில்லை. அன்றும் மச்சானிடம்தான் கேட்டான்.

"உன்ர மச்சானைக் கேளு. அண்டைக்கு உன்ர இடத்தில நிண்டு ஊதினாரே, அது நல்லா இரிந்ததாமா?"

மச்சான் என் பக்கம் திரும்பினான், பல் இரண்டும் தெரிய. "கேக்கிறான்" என்றான்.

"நல்லா இரிந்தது எண்டு சொல்லு" என்றேன். "அதுதான் மறக்க ஏலாமக் கிடக்கு எண்டும் சொல்லு."

மச்சான் அப்படியே சொன்னான். கூட்டாளி வெளியே வாவியின் பக்கம் திரும்பினான்.

"ஓம்" என்றான். "நல்லாத்தான் ஊதினார். நான்தானே பின்னால அடிச்சன்."

அதையும் மச்சானிடம்தான் சொன்னான்.